நான் சுத்தம் செய்த ஆல்பம்

என்னை நம்பி எதையும் கொடுக்கக் கூடாது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மாரி சொன்னால் இன்னும் நீளமாகப் போகும்.

ஒரகடத்தில் கார் கதவுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. லைனில் வருகிற பீஸில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரங்கட்டிவிடுவேன். 'வேண்டாததை உடனே தூக்கிப் போடுவோம்' என்று தினமும் ஷிப்ட் ஆரம்பத்தில் உறுதிமொழி வேறு. (உறுதிமொழியை வீடு வரைக்கும் எடுத்துக்கினு வந்தது என் தப்பு.)

மாரியின் தங்கை இசக்கி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஹாஸ்டல் வாசம். லீவு விட்டால் குன்றத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் கிட்டாரோடு உட்கார்ந்துவிடுவாள். மேலே நடவுப் பாட்டு மெட்டு, அடியில் அமெரிக்கக் கிராமத்துக் கிட்டார், திடீரென்று ராக். வரிகளும் அவளுடையவைதான். ஒரே கட்டிலில் ஷிப்ட் மாற்றித் தூங்கும் இரண்டு பெண்களைப் பற்றியெல்லாம் பாட்டு! இரண்டு வருஷத்தில் எட்டு சேர்ந்தது. ஆல்பத்துக்குத் தான் வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸை வைத்து 'எட்டாம் நம்பர் பஸ்' என்று பேர் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தோழிகளுக்குப் போட்டுக் காட்டுவது, திங்கட்கிழமை ஒரு மியூசிக் கம்பெனிக்கு அனுப்புவது. அவர்கள் கொடுத்த கடைசி நாள் அதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் லேப்டாப்பில் மட்டுமே இருந்த அந்தப் பாட்டுகளைக் கேட்டேன். ஐயையோ! கம்பியில் விரல் தேய்கிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம், நாலாவது பாட்டில் எங்கள் வீட்டுக் குக்கர். எனக்குக் கை துறுதுறுத்தது. சத்தம் நீக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி, எட்டையும் தேய்த்துக் கழுவினேன். பழைய ஃபைல்களை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கம்பெனியில் ஒரு லாட் சரக்குக்கு ஒரு பீஸ் பார்ப்பதுபோல், இதற்கும் போதும் என்று முதல் பாட்டில் நாலு செகண்ட் மட்டும் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறையப் பெண்கள். இசக்கி பாட்டைத் தட்டிவிட்டாள். கிணற்றில் விழுந்த ரோபோ ஒன்று மூக்கடைத்துக்கொண்டு பாடியது.

"அத்தான், இது என் பாட்டே இல்லியே. பழச எங்க?"

"தூக்கிட்டேன்மா."

"எங்க தூக்குனிய?"

"குப்பைல. அந்தக் குப்பையையும் கொட்டிட்டேன்."

மாரி கரண்டியோடு வந்து நின்றாள். "ரெண்டு வருஷம்ங்க. தூங்க வேண்டிய நேரத்துல உக்காந்து பாடுனது."

இசக்கி திட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. கட்டிலுக்கடியில் இடமிருந்தால் நான் போய்ப் படுத்திருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டாரை எடுத்தாள். "யாரும் போவாதீய. இருமல் வந்தா இருமுங்க. அக்கா, நீ குக்கர வை. அத்தான், ரெக்கார்ட அமுக்கிட்டுத் தள்ளி உக்காருங்க. எதையும் தொடப்பிடாது."

எட்டையும் ஒரே மூச்சில் பாடினாள். அப்படி ஒரு பாட்டை நான் ஜென்மத்தில் கேட்டதில்லை. நாலாவது பாட்டில் ஒரு பெண் தரையைத் தட்ட ஆரம்பித்தாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். குக்கர்கூடச் சரியான இடத்தில் விசிலடித்தது. கடைசிப் பாட்டு, ஷிப்ட் நேரத்தில் லாக்கரில் பூட்டிவைத்த செல்போனில் அடித்து ஓய்ந்துபோகிற அம்மாவின் அழைப்பைப் பற்றியது. அதில் ஒரு இடத்தில் அவள் குரல் பிசிறி, மூச்சு வாங்கி, மறுபடி எழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடப்பாவி, இதையா கீறல் என்று துடைத்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கைச் சிந்தினேன். தள்ளி உட்கார்ந்தும், ஹால் நெரிசலில் மைக் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"அந்த இடத்த மட்டும் வெட்டிடும்மா" என்று மறுநாள் கெஞ்சினேன்.

"சோலியப் பாருங்க அத்தான். குவாலிட்டி ஓகே" என்று சொல்லி அப்படியே அனுப்பிவிட்டாள்.

ஆல்பம் வெளிவந்துவிட்டது. இப்போது கம்பெனி பஸ்ஸில் பெண்கள் இயர்போனில் ஆளுக்கொரு காது வைத்துக் கேட்கிறார்கள். மாமியார் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்தியில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"மாப்ள, நம்ம இசக்கி ஆல்பத்துல மூக்கு வாசிச்சது நீங்கதான?"

"ஆமாங்க" என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.