யானைக் கல்யாணமும் மிரர்லெஸ் கேமராவும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. மற்ற கதைகளில் வரும் கரடிகளைப் போல அது தேன் தேடி அலையவில்லை; சொந்தமாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தது. பெயர் சடையாண்டி. குகையின் முன்பாதியில் ஸ்டுடியோ, பின்பாதியில் குடித்தனம்.

காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம், எதுவானாலும் காட்டில் சடையாண்டியைத்தான் கூப்பிடுவார்கள். அது கழுத்தில் மாட்டியிருந்த டி.எஸ்.எல்.ஆர். கேமரா அம்மிக்கல் கனம் கனக்கும். பட்டனை அமுக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பி விழுந்து 'சடக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு முயல்கள் முதலில் துள்ளி விழும், அப்புறம் வெட்கப்பட்டுச் சிரிக்கும். சிரிக்கும்போது எடுப்பதுதான் படம் என்பது கரடிக்கு அனுபவத்தில் தெரியும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த தொழிலில் ஒருநாள் ஒரு மான் வந்து மண்ணைப் போட்டது.

"அண்ணே, குட்டிக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். உங்ககிட்ட மிரர்லெஸ் இருக்கா?"

"மிரர்லெஸ்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"தெரியாதுண்ணே. ஆனா நரி வீட்டு விசேஷத்துல அதுலதான் எடுத்தாங்களாம். நாங்க மட்டும் குறைச்சலா?"

மான் நேராகப் பக்கத்து மலையில் ஸ்டுடியோ வைத்திருந்த கீரியிடம் போய்விட்டது. கீரி மிரர்லெஸ் வாங்கி வெகுநாள் ஆகியிருந்தது. மானுக்குப் பின்னால் மயில் போனது, மயிலுக்குப் பின்னால் முயல்கள் குடும்பம் குடும்பமாகப் போயின.

"இந்த மாசம் முகூர்த்தமெல்லாம் சும்மாவே போகுது," என்றது கரடியின் மனைவி குழலி. "நீங்க அந்தக் கண்ணாடி வச்ச கேமராவைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருங்க."

கரடிக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு குரங்கின் கேமரா கடைக்குப் போனது.

குரங்கு புதுக் கேமராவை வாழைப்பழத்தை உரிப்பதுபோல் உறையிலிருந்து உரித்து எடுத்து வைத்தது. "கையில பிடிச்சுப் பாருங்க சார். பஞ்சு மாதிரி இருக்கா? உள்ள கண்ணாடியே கிடையாது."

"கண்ணாடி இல்லைன்னா விலை குறையணுமே?"

"என்ன சார், கண்ணாடியை எடுத்ததுக்குத்தானே கூடுதல் விலை!"

கரடிக்கு இது புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் தலையை ஆட்டியது.

"இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க," என்று குரங்கு குரலைத் தாழ்த்தியது. "இது தானாவே கண்ணைக் கண்டுபிடிச்சு, அதுமேல பச்சைக் கட்டம் போட்டு, அங்கேயே ஃபோகஸ் பண்ணிடும். நீங்க பட்டனை மட்டும் அமுக்கினா போதும்."

கரடி மெனுவைத் திறந்து பார்த்தது. 'மனிதர்', 'விலங்கு' என்று இரண்டு இருந்தன. அது 'விலங்கு' என்பதை அமுக்கியது. எங்கோ கடல் கடந்த ஊரில் யாரோ நம்மையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்களே என்று அதற்குக் கண் கலங்கிவிட்டது. பழைய கேமராவை அங்கேயே மாற்றாகக் கொடுத்துவிட்டு, புதுக் கேமராவோடு வீடு திரும்பியது.

குரங்கு ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. கேமராவைச் செய்தவர்களுக்கு விலங்கு என்றால் வீட்டில் சோபாமேல் படுத்திருக்கும் பூனையும் நாயும்தான். அந்த இரண்டைத் தவிர வேறெதன் கண்ணும் அந்தக் கேமராவுக்குத் தெரியாது.

சடையாண்டி மிரர்லெஸ் வாங்கிய செய்தி பரவியதும் பெரிய இடத்திலிருந்தே ஆள் வந்தது. யானை மலையரசு தன் மகள் அஞ்சுகத்தின் கல்யாணத்தைக் கரடியிடம் ஒப்படைத்தது.

"தம்பி, படம் கண்ணாடி மாதிரி இருக்கணும்."

"இது கண்ணாடி இல்லாத கேமராங்க ஐயா."

"அது எப்படியோ இருக்கட்டும். படம் கண்ணாடி மாதிரி இருக்கணும். இல்லேன்னா நான் வந்து உன் குகை வாசல்ல உட்கார்ந்துக்குவேன்."

மலையரசு உட்கார்ந்தால் அந்த வாசல் மறுபடி திறக்காது. கரடி பயபக்தியோடு கும்பிட்டது.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. கரடி பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தது. கேமரா சத்தமே போடாததால், எப்போது சிரிப்பது என்று தெரியாமல் யானைகள் முகூர்த்தம் முழுக்கச் சிரித்தபடியே நின்றன. பச்சைக் கட்டம் மட்டும் துள்ளித் துள்ளி எங்கேயோ போய் உட்கார்ந்தது. மணப்பெண்ணின் கண்ணைத்தான் பிடித்திருக்கிறது என்று கரடி நம்பியது. நம்பாவிட்டாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்தச் சின்னப் பட்டன்கள்மேல் அதன் பெரிய விரலை வைத்தால் ஒரே நேரத்தில் மூன்று பட்டன் அமுங்கும்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் படங்களைப் போட்டுப் பார்த்தபோதுதான் கரடிக்கு வேர்த்தது.

மணமக்கள் இரண்டு சாம்பல் மேகங்களாக நின்றார்கள். அந்த மேகங்களின் கால்களுக்கு நடுவே, பந்தலின் கோடியில், அழைக்காமல் வந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்த ஒரு காட்டுப்பூனை மட்டும் பளிச்சென்று இருந்தது. மீசையில் ஒட்டிய சேமியாகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. தாலி கட்டும் படத்தில் பூனை நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஆசீர்வாதப் படத்தில் அடுத்த இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"மீசை நல்லா வந்திருக்குங்க," என்றது குழலி.

"குழலி, ஊரை விட்டு ஓடிடலாமா?"

"வாசல்ல வந்து உட்காரத்தானே போறார்? நாம வெளிய நின்னுக்கலாம். முதல்ல ஆல்பத்தைக் கொண்டுபோய்க் குடுங்க."

கரடி ஆல்பத்தை எடுத்துப் போனது. போன நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் அங்கே விருந்துக்கு வந்திருந்தார்கள். மலையரசு தும்பிக்கையால் முதல் பக்கத்தைப் புரட்டியது. அதன் காதுகள் ஆடுவது நின்றது. இரண்டாவது பக்கம். மூன்றாவது பக்கம். கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கரடி பார்த்து வைத்துக்கொண்டது.

மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தது. "யாருங்க சம்பந்தி இவரு? எல்லாப் படத்துலயும் இருக்காரே?"

தன் வீட்டுக் கல்யாணத்தில் எவனோ சுவரேறிக் குதித்துச் சாப்பிட்டுப் போனான் என்று சம்பந்தியிடம் சொல்ல முடியுமா? மலையரசு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னது.

"இவரா? இவர்தான் வெருகனார். நம்ம குடும்பத்துக்கு ரொம்ப வேண்டியவர். இவர் இல்லாம எங்க வீட்டுல ஒரு விசேஷமும் நடந்ததில்லை."

"அதானே பார்த்தேன். அதனாலதான் அவரை மட்டும் இவ்வளவு தெளிவா எடுத்திருக்காங்க."

"ஆமாமா. நான்தான் சொல்லி எடுக்கச் சொன்னேன்," என்று மலையரசு கரடியைப் பார்த்தது. கரடி வேகவேகமாகத் தலையாட்டியது.

மணப்பெண் அஞ்சுகம் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தது. "அப்பா, என் நெத்தி மேடு தெரியவே இல்லப்பா! கன்னச் சுருக்கமும் இல்ல. எவ்ளோ அழகா இருக்கேன்!"

அடுத்த முகூர்த்தத்திலிருந்து காடே சடையாண்டி ஸ்டுடியோ வாசலில் வரிசையில் நின்றது. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எங்க வீட்டுப் படத்துலயும் வெருகனார் இருக்கணும்."

கரடி புதர் புதராகத் தேடிப் பூனையைக் கண்டுபிடித்தது. கரடியைப் பார்த்ததும் பூனை மரத்தில் ஏறிக்கொண்டு அலறியது.

"அண்ணே, ஒரே ஒரு தொன்னைதாண்ணே குடிச்சேன்!"

"தொன்னை என்னடா தொன்னை, அண்டாவையே தரச் சொல்றேன். இறங்கி வா."

பூனை இறங்கி வந்தது. அதற்குப் பிறகு அது இறங்கவே இல்லை. முதலில் முதல் பந்தி கேட்டது. பிறகு பொன்னாடை கேட்டது. பிறகு மேடையில் மணமக்களுக்கு நடுவே நாற்காலி கேட்டது. எல்லாம் கிடைத்தன. அதன் தேதி கிடைக்காததால் கருஞ்சிறுத்தையின் கல்யாணமே தள்ளிப் போனது.

கரடிக்கு வருமானத்தில் குறையில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு முள் இருந்தது. "இத்தனை வருஷம் தொழில் பண்ணிட்டு, ஒரு மணப்பெண் முகத்தை ஒழுங்கா எடுக்க முடியலையே குழலி," என்று சாப்பிடும்போது பெருமூச்சு விடும்.

ஒருநாள் குரங்கு ஆள் அனுப்பியது. "சார், கேமராவுக்குப் புது அப்டேட் வந்திருக்கு. இனிமே யானை, மான், மாடு எல்லாத்தோட கண்ணையும் கண்டுபிடிக்கும்."

கரடி ஓட்டமாக ஓடிப்போய் அப்டேட் போட்டுக்கொண்டு வந்தது. அந்த வாரமே காட்டெருமை வீட்டில் கல்யாணம். பச்சைக் கட்டம் மணப்பெண்ணின் கண்ணில் போய் அப்படியே ஒட்டிக்கொண்டது. இமைமுடி ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம்போல் படம் விழுந்தது. ஆயுளிலேயே இவ்வளவு நல்ல படங்களைக் கரடி எடுத்ததில்லை. அதுவே வலியப் போய் ஆல்பத்தைக் கொடுத்தது.

பெண்ணின் அப்பாவான காட்டெருமை ஆல்பத்தைத் திறந்ததும் பின்வாங்கியது. "என்னய்யா இது, என் மூக்குமேல ஈ உட்கார்ந்திருக்கு?"

"உட்கார்ந்துதான் இருந்துதுங்க."

"உட்கார்ந்தா? அதையெல்லாமா எடுப்பாங்க? பொண்ணு கண்ணுல பீளை தெரியுது! அது கிடக்கட்டும், வெருகனார் எங்கே?"

கரடி மணமக்களுக்கு நடுவே, கொஞ்சம் பின்னால் தள்ளிக் காட்டியது. அங்கே நாற்காலியில் ஒரு பழுப்பு மேகம் உட்கார்ந்திருந்தது.

"போச்சு! அவர் நம்ம வீட்டுக்கு வரவே இல்லைன்னுல்ல ஊர் பேசும்! சம்பந்தி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" காட்டெருமை மண்ணைக் காலால் கிளறத் தொடங்கியது.

கரடி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டமெடுத்தது. நேராகக் குரங்கின் கடையில் போய்த்தான் நின்றது.

"தம்பி, இதைப் பழையபடி ஆக்கு. பூனை மட்டும் தெரிஞ்சா போதும்."

குரங்கு தலையைச் சொறிந்தது. "ரிப்பேரைச் சரிபண்ணச் சொல்லி வருவாங்க சார். சரியா இருக்கறதை ரிப்பேராக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான்."

"முதல் ஆள்தான். ஆனா கடைசி ஆள் இல்லை," என்றது கரடி.

குரங்கு வெளியே எட்டிப் பார்த்தது. சுற்றுவட்டாரக் காடுகளில் இருந்த அத்தனை போட்டோகிராபர்களும், பக்கத்து மலைக் கீரியை முன்னால் விட்டு, அப்டேட் போட்ட கேமராக்களோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

நீதி: விசேஷத்துக்கு உங்களை அழைத்தார்களா என்பது ஒரு பொருட்டே இல்லை, கேமராவுக்கு உங்கள் முகம் தெரிந்திருந்தால் முதல் பந்தி உங்களுக்குத்தான்.