முதல் வரிக்கு ஒரு பதில்

அவசரக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் மூவர், நின்றவர்கள் இருவர். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் தம் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியில் இருந்தார். எதிரே சோபாவின் நல்ல மூலையில் பொருளாளர். ஸ்பிரிங் துருத்திய மூலையில் கீழ்வீட்டு ஆங்கில டீச்சர். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. மடியில் தலையணை கனத்துக்கு ஓர் அகராதி. செயலாளரின் மனைவி சமையலறை நிலையில் சாய்ந்து நின்றார். வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி வாட்ச்மேன்.

நடுவில் டீபாய்மேல் அந்தக் கடிதம் கிடந்தது. மருந்துக் கடை ரசீதின் முதுகில், பென்சிலால் கிறுக்கியது. "நாலாவது மாடி ஐயா அவசரம்னு குடுத்தாரு சார்" என்று வாட்ச்மேன்தான் கொண்டுவந்திருந்தார்.

செயலாளர் தழுதழுத்த குரலில் முதல் வரியைப் படித்தார். "'ஐயா, உங்களைப் போல ஒரு கேலஸ் ஆசாமியை நான் பார்த்ததே இல்லை.'"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கும் கலங்கும் கண்தான். தொலைக்காட்சியில் யாராவது ஊருக்குப் போனால்கூடக் கலங்கும். 'இளகின மனசுக்காரர்' என்ற ஒரே தகுதியில்தான் வருஷா வருஷம் போட்டியில்லாமல் தேர்வாகிறார். நாளைக் காலையில் மறுபடி தேர்தல். நாலாவது மாடிக்காரரோ எழுதும் கடிதத்துக்கெல்லாம் பிரதி எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற பிறவி. ஒட்டுவதற்குள் பதில் போயாக வேண்டும்.

"டீச்சர், முதல்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுங்க."

டீச்சர் அகராதியைப் புரட்டினார். "அடுத்தவங்க கஷ்டம் உறைக்காத ஆளு. லத்தீன்லேருந்து வந்தது. மூலத்துல தடிச்சுப்போன தோல்னு அர்த்தம். உள்ளங்கைல, குதிகால்ல காய்ச்சுப்போகுதே, அது. அப்புறந்தான் மனசுக்கு ஏத்திட்டாங்க."

"மனசு காய்ச்சுப்போனவனா நான்? மரத்துப்போனவன்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேனே!"

"அது வேற. மரத்துப்போனா உதறிவிட்டாச் சரியாயிடும். இதைச் சுரண்டித்தான் எடுக்கணும்" என்றார் பொருளாளர், உதவி செய்கிற தோரணையில்.

கீழே எங்கோ ஒரு மணி விட்டு விட்டு அடித்தது.

"ஆனா பாருங்க, காய்ப்பு உழைக்கிறவங்களுக்குத்தான் வரும்" என்றார் டீச்சர், ஆறுதலாக.

செயலாளர் நிமிர்ந்தார். "அப்படிப் போடுங்க! எழுதுங்க பொருளாளரே: 'தாங்கள் என்னைக் காய்த்துப்போனவன் என்றதை என் உழைப்புக்குக் கிடைத்த பாராட்டாகக் கொள்கிறேன்.'"

பொருளாளர் எழுதினார், வாசித்துப் பார்த்தார், பேனாவை மூடினார். "இது ஒப்புதல் வாக்குமூலமால்ல இருக்கு?"

தாள் கிழிபட்டது. அடுத்த யோசனையும் செயலாளருடையதே. இரக்கத்துக்குச் சாட்சி வேண்டும். "நம்ம வீட்லயே கேளுங்க. ஏம்மா, நான் எப்படிப்பட்ட ஆளுன்னு இவங்களுக்குச் சொல்லு."

மனைவி கரண்டியோடு முன்னால் வந்தார். "எனக்குப் பல்லு புடுங்கின அன்னிக்கு இவரு தண்ணித்தொட்டி கழுவறதை மேற்பார்வை பாத்துட்டிருந்தாரு. 'ரொம்ப வலிக்குதா?'ன்னு மூணாம் நாள் கேட்டாரு. அதுவும் வேற பக்கத்துக் கன்னத்தைப் பாத்து."

"இதையும் எழுதணுமா?" என்றார் பொருளாளர்.

மணி இப்போது விடாமல் அடித்தது. செயலாளர் காதைப் பொத்திக்கொண்டார். "ஒரு மனுஷன் மனசு உடைஞ்சு உட்கார்ந்திருக்கான், இந்த மணி வேற உயிரை வாங்குது!"

"என்ன செய்யட்டும் சார்?" என்றார் வாட்ச்மேன்.

"ஒயரைக் கழட்டிப் போடுப்பா."

"கழட்டினா அங்க விளக்கும் போயிடும் சார். ஃபேனும்."

"போகட்டும். இப்ப யாருக்கு அங்க விளக்கும் ஃபேனும்?"

வாட்ச்மேன் ஒரு கணம் யோசித்தார். பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள், காரணம் இருக்கும். போனார். மணி நின்றது. அவர் திரும்பி வந்து பழையபடி ஒற்றைக் காலை உள்ளே வைத்தார்.

"அந்தக் கடுதாசியை முழுசாப் படிச்சீங்களா? அதுக்குக் கீழ இன்னும் ஏதோ எழுதியிருக்கே" என்றார் மனைவி.

"முதல் வரியிலயே நெஞ்சு அடைச்சிடுச்சு. மிச்சத்தை வேற படிக்கணுமா? இதைவிடக் கேவலமாத்தான் திட்டியிருப்பான்!"

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. "குடுங்க, நான் எழுதறேன். வாதம் வேணாம். அன்பா எழுதுவோம். கரைஞ்சிடுவாரு."

செயலாளர் சொல்லச் சொல்ல, டீச்சரின் மணிமணியான எழுத்தில் பதில் உருவானது. "அன்புடையீர், தங்கள் துன்பம் எதுவாயினும் அது என் துன்பமே. எந்தக் கதவு மூடியிருந்தாலும் தங்களுக்காக என் கதவு என்றும் திறந்தே இருக்கும். மனம் புழுங்க வேண்டாம். நாளைத் தேர்தல் முடிந்ததும் நேரில் வந்து காண்கிறேன். அதுவரை இருந்த இடத்திலேயே அமைதியாக இருக்கவும்."

கடைசி வரிக்குச் செயலாளர் விம்மினார். பொருளாளரே மூக்கை உறிஞ்சினார். மனைவிகூடக் கரண்டியைத் தாழ்த்தி, "இது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

செயலாளர் உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். அவருக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. அந்தக் கை மெத்தென்றுதான் இருந்தது. டீச்சரிடம் ஒருமுறை விரித்துக் காட்டவும் செய்தார். பிறகு உறையை வாட்ச்மேனிடம் நீட்டினார்.

"நேரா நாலாவது மாடிக்குப் போய், அவர் கைலயே குடுத்துடு."

வாட்ச்மேன் உறையைப் பயபக்தியோடு வாங்கிக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார்.

"ஏம்ப்பா, கீழ எங்க போற?"

"வந்த வழியாவே குடுத்துடறேன் சார், லிஃப்ட் கதவு இடுக்குல. ஐயா சாயங்காலத்துலேருந்து அதுக்குள்ளதானே மாட்டிட்டு நிக்கிறாரு!"