படத்துக்குள் வந்த முனியாண்டி

நம் கை இரண்டும் நம் பேச்சைக் கேட்கும் என்று நம்புகிறோமே, அதைப் போல ஒரு மூடநம்பிக்கை உலகத்தில் கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவில், என் கைகள் எனக்குச் செய்த துரோகத்தை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

செமோர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து ஈப்போவின் புந்தோங் பகுதிக்கு வந்து வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். நண்பன் மாரியின் தங்கை செல்வியை எனக்குப் பேசியிருந்தார்கள். ஆனால் அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "நிரந்தர வேலைன்னா பொண்ணு. இல்லாட்டி வேற எடம் பாத்துக்க." (நியாயந்தான். அப்போதைய எனக்கு நானே பெண் கொடுத்திருக்க மாட்டேன்.)

மாரி ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலை பார்த்தான். அங்கே வேன் டிரைவர் வேலை காலி. ஆனால் ரோட்டில் ஓட்டவிட்டுப் பார்க்க மாட்டார்களாம். அறைக்குள் நிஜ ஸ்டியரிங், நிஜ பிரேக், எதிரே திரையில் சாலைப் படம். திடீரென்று ஆபத்து வந்தால் மனுசன் என்ன செய்கிறான் என்பதுதான் அவர்கள் ஆராய்ச்சி.

"மோதாம ஓட்டிட்டா வேலை ஒனக்குத்தான் மச்சான். சொதப்பிறாதலா!" என்றான் மாரி.

பதற்றத்தை அளக்க விரல்களில் வயரைச் சுற்றினார்கள். விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது. மாடு குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்தேன். சைக்கிள் வந்தது, ஒதுங்கினேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வளைவில் ஒரு லோரி நேரே என்மேல் பாய்ந்தது. ஒடித்துத் திருப்பினேன். அலாமா, தப்பித்தேன்! இன்னும் கொஞ்ச தூரம்தான், செல்வி எனக்குத்தான்.

அப்போது பார்த்து சாலையோரம் ஒரு முனியாண்டி கோயில் வந்தது.

எஸ்டேட்டில் பிறந்தவன் அதைச் சும்மா தாண்டுவானா? ஆரனை மூன்று தரம் அடித்தேன். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, கண்ணை மூடி, "அப்பனே, இந்த வேலையை மட்டும் வாங்கிக் குடுத்துரு" என்று உருகினேன்.

டமால்! சைரன் அலறியது. பேராசிரியர் ஓடி வந்தார்.

"ஏன் கையை விட்டாய்?"

"கோயில், சார்."

"அது படம்தானே!"

"படத்துல இருந்தாலும் சாமி சாமிதானே சார்?"

அவர் மாரியைப் பார்த்து, வேறு ஆள் கொண்டு வா என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் வெட்கமில்லாமல் அழுதேன். வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு. மாரி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அப்படியே நடித்தே காட்டிவிட்டானாம், பாவி. அவன் அப்பா தலையில் அடித்துக்கொண்டாராம். செல்வி மட்டும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "பொம்ம வண்டியிலயே சாமிக்குப் பயப்படுறவரு என்னைய ஏமாத்த மாட்டாருப்பா. இவரையே கட்டிக்கிறேன்" என்றாளாம்.

அப்புறம் அந்த அப்பாவே எனக்கொரு பட்டறையில் வேலை தேடிப் பிடித்தார். புந்தோங் கோயிலில் கல்யாணம். தாலி கட்டி முடித்ததும் சந்நிதி முன் இரண்டு கையையும் தூக்கிக் கண்ணை மூடினேன்.

பின்னாலிருந்து மாமனார் கத்தினார்: "மாப்ள, ஸ்டியரிங்கப் பிடிங்க!"

ஐயரே மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். இன்றைக்கும் நான் எந்தக் கோயிலில் கையெடுத்தாலும் பேரப்பிள்ளைகள் வரை அதே கூச்சல்தான். எதற்கு வம்பென்று இப்போதெல்லாம் நான் ஒரு கையால்தான் கும்பிடுகிறேன்.