மூலையில் எழுந்தருளியவர்

"வெள்ளிக்கிழமைக்குள்ளை வேலை தொடங்காட்டி அனுமதி செத்துப்போகும், சரோ!" என்று பதறினார் இரகுநாதன்.

"சாகாதப்பா. தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்றாள் சரோஜினி, முழங்காலைத் தடவியவாறு.

பதுளை மலைச்சரிவில் நின்ற அவ்வீட்டில் படுக்கையறைக்குச் செங்குத்தான கற்படிகளில் ஏற வேண்டும். மனைவியின் கால்கள் இனி அவற்றை ஏற வேண்டாமென்றே, கீழே ஓர் அறை கட்ட மாநகர சபையிடம் ஓராண்டு அனுமதி பெற்றிருந்தார். ஆனால் அறை எழ வேண்டிய மூலையில் பிள்ளையார் எழுந்தருளியிருந்தார்.

போரால் மூடியிருந்த யாழ்ப்பாணப் பாதை திறந்த மகிழ்ச்சியில், ஆவணியில் தனியே நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய அன்றுதான் இரகுநாதன் அதைக் கண்டார். அந்த மூலையில், செவ்வரத்தைச் செடியடியில், மஞ்சளும் குங்குமமும் துலங்க ஒரு கல்!

"தம்பியைக் கும்பிட்டு வாறன்; தமையன் எங்கடை வளவுக்கே வந்திட்டார், சரோ!"

சரோஜினி ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் அவர் மண்ணில் விழுந்து வணங்கி, கண்ணீர் மல்கத் தேவாரம் பாடத் தொடங்கிவிட்டார். மகன் மதுரன் கனடா போனபின் அவ்வீடு கேளாதிருந்த குரல் அது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றுமுதல் விடியல்தோறும் பாட்டு.

இப்போது கல்லை வேறிடம் மாற்றித் தருமாறு குருக்களை வேண்டினார். "தானாத் தோன்றினவரை அசைக்கப்படாது," என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட குருக்கள், போகும் வழியெல்லாம் அச்செய்தியைப் பரப்பியும் போனார். மறுநாள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து பெண்கள் கற்பூரத்தோடு வந்தனர். அவர்கள் மழையில் நனையாதிருக்க இரகுநாதன் கம்பு நட்டுத் தகரம் வேய்ந்தார். தகரத்தைக் கண்டவர்கள் மணி கட்டினர். மணியோசை சபைவரை கேட்டது.

வியாழனன்று சபை அதிகாரி காமில் வந்து நின்றார்.

"சேர், நாங்க தந்தது அறைக்குப் பெர்மிட். நீங்க கோயிலல்லவா கட்டிரிக்கீங்க?"

"கோயில் இல்லைத் தம்பி. தகரம்."

"மணி?"

"அது... பக்தர்கள்."

"பக்தர்கள் வந்தா கோயில்தானே சேர். அதுக்கு வேற பெர்மிட். அறைப் பெர்மிட் நாளையோட முடியுது."

"சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினால்?"

"வரைபடம் மாறினா புதுசா விண்ணப்பிக்கோணும்."

அனுமதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு சரோஜினி மேலறையிலிருந்து இறங்கினாள். படிக்குப் படி நின்று, சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி. இரகுநாதன் அதைப் பார்த்தவாறு நின்றார். பிறகு கல்லின்முன் கைகூப்பினார்.

"அப்பனே, பொறுத்துக்கொள். எனக்கு அவளின்ர கால்தான் பெரிசு."

மண்வெட்டியை ஓங்கினார்.

"ஐயா! வெட்டாதீங்க!" சரோஜினி சொல்லியனுப்ப, எல்லவிலிருந்து பஸ்ஸேறி வந்திருந்த மேசன் செவனு ஓடிவந்து அவர் கையைப் பற்றினான். "அது சாமி இல்லீங்க. நீங்க நல்லூர் போயிருந்தப்ப, நல்ல நேரம் பாத்து நான் வச்ச அடிக்கல்லுங்க. கீழ கொங்கிரீட்டு இருக்கு!"

காமில் வரைபடத்தை விரித்து மூலையை அளந்தார்; அவர் முகம் மலர்ந்தது.

"காலத்துக்குள்ள அத்திவாரம் விழுந்திரிக்கி, சேர். வேலை தொடங்கின கணக்குத்தான். பெர்மிட் உசிரோட இரிக்கி. தகரத்த மட்டும் கழட்டுங்க."

இரகுநாதன் மனைவியை நோக்கினார். "இவ்வளவு நாளும் ஏனப்பா சொல்லேல்லை?"

சரோஜினி சேலைத் தலைப்பைத் திருகினாள். செவனுதான் தலையைச் சொறிந்தான்.

"நீங்க வந்த மறுநாளே வேல செய்ய வந்தேங்க. அம்மாதான், 'ஐயா மறுபடி பாட ஆரம்பிச்சிருக்காரு, என் கால் இன்னுங்கொஞ்ச நாள் வலிச்சிட்டுப் போகட்டும், நீ சத்தம் போடாம திரும்பிப் போ'ன்னு அனுப்பிட்டாங்க."