கம்ப்யூட்டர் சொன்னால் கேட்பேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு ஜனவரி முதல் தேதி, புதுவருட ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு தீர்மானம் எடுத்தேன். தொழில் வேறு, குடும்பம் வேறு. என் மனைவி கிருபாவதி இனிமேல் என் தொழிலில் மூக்கை நுழைக்கக் கூடாது. இந்தத் தீர்மானத்தை எப்போது அறிவிக்கலாம் என்று அவளிடமே கேட்டேன். இட்லி வெந்ததும் அறிவிக்கச் சொன்னாள்.

என் பெயர் பொன்னுராஜ். தேனியில் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. பிளைவுட்டில் பூ, கொடி, மயில் என்று வெட்டிக் கொடுப்பேன். என் மெஷினில் நூல் மாதிரி ஒரு பிளேடு மேலும் கீழும் ஓடும். பலகையில் ஒரு துளை போட்டு, பிளேடை அதற்குள் விட்டு, கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் வடிவம் வந்துவிடும். கரண்ட் போனாலும் வேலை நிற்காது, ஏனென்றால் மெஷினின் அடிப்பாகம் கிருபாவதி சீதனமாகக் கொண்டுவந்த தையல் மெஷினின் மிதி. தலை என்னுடையது, கால் அவளுடையது. அந்த உரிமையில்தான் அவள் நினைத்தபோதெல்லாம் பட்டறைக்குள் கால் வைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பெரியகுளத்தில் தையல் டீச்சர். துணியை ஓட்டை ஓட்டையாக வெட்டி, ஓரம் தைத்துப் பூ வரவழைக்கச் சொல்லிக்கொடுத்தவள். துணிக்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம், நீங்களே சொல்லுங்கள்.

தீர்மானத்துக்குக் காரணம் ஒரு மயில். சலூன் செல்லப்பாண்டி தன் கடைக்கு மயில் போட்ட போர்டு கேட்டிருந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, நான் கண்ணைச் சுற்றி அறுத்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த கிருபாவதி, முழு வட்டமாக அறுத்தால் கண் விழுந்துவிடும், எங்கேயாவது ஒரு ஒட்டு விடுங்கள் என்றாள். தொழில்காரனுக்குத் தெரியாதா என்றேன். கண் விழுந்துவிட்டது. செல்லப்பாண்டி குனிந்து மரத்தூளுக்குள் கண்ணைத் தேடினான். அவள் விளக்குமாற்றைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

ஆகவே இட்லி வெந்ததும் அறிவித்தேன். இனி டிசைனெல்லாம் மதுரையில் கம்ப்யூட்டரில் போடப்போகிறேன். யார் யோசனையும் எனக்குத் தேவையில்லை.

"கம்ப்யூட்டர் சொன்னாக் கேப்பீகளா?" என்றாள்.

"கேப்பேன். அது கணக்குப் போட்டுச் சொல்லும். ஒன்ன மாதிரி வாய்க்கு வந்ததச் சொல்லாது."

"சரி" என்றாள்.

பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் ஒரே வார்த்தையில் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். நான் இன்னும் இரண்டு இட்லி கேட்டேன்.

மதுரையில் அந்தக் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கோயிலுக்குள் போகிற பயத்தோடு உள்ளே போனேன். ஜில்லென்று இருந்தது. பச்சைக் கோடு ஓடும் திரைக்கு முன்னால் ஞானசெல்வி என்று ஒரு பெண். கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து தபாலில் அனுப்பினால், புள்ளி புள்ளியாக உள்ளே ஏற்றி, அளவு பிசகாமல் அச்சடித்து அனுப்புவதாகச் சொன்னது. "நாம குடுக்கறதத்தான் சார் அது வரையும்" என்றும் சொன்னது. சின்னப் பெண், அடக்கமாகப் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும், அந்தப் பெண் எழுதிக்கொடுத்த ரசீதைக் கிருபாவதி வாங்கிப் பார்த்தாள். கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கிறது என்றாள்.

அடுத்த வாரமே எனக்கு யோகம் அடித்தது. போடி ஏலக்காய் வியாபாரி கோட்டைச்சாமி புது வீடு கட்டியிருந்தார். ஹாலின் நடுவே எட்டுப் பலகையில் ஒரு தடுப்பு, அதில் ஏலச்செடி, இலை, பூ, காய் எல்லாம் வேண்டும். பால்காய்ச்சு சித்திரை மாதம். இது நன்றாக அமைந்தால் போடி பஜார் முழுக்க என் பெயர்தான். சொதப்பினால் குருட்டு மயில் பொன்னுராஜ் என்ற பட்டம் நிரந்தரம்.

முதல் படத்தை நானே வரைந்து, உறையில் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லிக் கிருபாவதியிடம் கொடுத்தேன். பத்து நாளில் ஓரமெல்லாம் துளை போட்ட தாளில் டிசைன் வந்தது. அசந்துபோனேன். நான் வரைந்தது கீரைக்கட்டு மாதிரி இருந்தது. வந்திருந்தது மேகமலையில் நிற்கும் ஏலச்செடி. ஒவ்வொரு இலையும் தண்டோடு மெல்லிய ஒட்டில் நின்றது, ஒரு காயும் கீழே விழாது. அடியில் பெரிய எழுத்து இங்கிலீஷில் குறிப்பு வேறு: எந்த வடிவத்தையும் முழுதாகச் சுற்றி அறுக்காதே, ஒட்டு விடு.

"பாத்தியா, ஒட்டு விடணுமாம். எவ்வளவு பெரிய விஷயம். இது யாருக்காவது தோணுச்சா?"

"எனக்கெல்லாம் எங்க தோணப்போகுது" என்றாள்.

மற்றப் படங்களையும் அப்படியே வரைந்து அவளிடம் கொடுத்தேன்; அடுத்தடுத்து வந்த தாள்களில் குறிப்புகள் பெருகின. தினமும் வேலை முடிந்ததும் தூளைக் கூட்டி அள்ளவும், தூள் அளவைப் பாதிக்கும் என்றது. கூட்டினேன். அறுப்பவர் மூச்சுக்காற்று பட்டால் பிளைவுட் விரியும், வாயில் துணி கட்டவும் என்றது. கிருபாவதியின் பழைய நூல் சேலையைக் கிழித்துக் கட்டினேன். எனக்கு இருமல் கொஞ்சம் உண்டு. பீடியும் கொஞ்சம் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது என் கட்சி. ஐந்தாவது தாள், புகைப்பவர் கை நூலிழை நடுங்கும், அந்த நடுக்கம் இலையில் தெரியும் என்று போட்டிருந்தது. விஞ்ஞானமே சொல்லும்போது என்ன செய்வது? பீடியை விட்டேன். மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை மெஷினுக்கு ஓய்வு என்று வந்ததால், வருஷக்கணக்கில் ஆறிப்போன சோறு தின்றவன் சுடச்சுடச் சாப்பிட ஆரம்பித்தேன். கிருபாவதியும் கூட உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுக்கக் கூடாது என்று ஆறாவது தாள் சொன்னது. அன்றைக்கு நான் ஆராதனைக்குக் கோயிலுக்குக் கிளம்பி நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ராக்கப்பன் விசாரித்தான். காரணத்தைச் சொன்னேன்.

"அண்ணே, அது என்ன வேதக்காரக் கம்ப்யூட்டரா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் ஏறி இறங்கும், அதனால் கம்ப்யூட்டர் தடுக்கிறது என்று விளக்கினேன். படிக்காதவனிடம் வேறு எப்படிச் சொல்வது? கிருபாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெயில் அதிகம் என்று நினைத்தேன்.

ஏழு பலகை முடிந்தது. பால்காய்ச்சுக்கு மூன்று நாள் இருக்கிறது, எட்டாவது டிசைன் வரவில்லை. தபால்காரர் நல்லகண்ணு தெருமுனையில் திரும்பும்போதே கைவிரித்துக்கொண்டு வந்தார். ஏழு பலகையோடு போய் நின்றால் கோட்டைச்சாமி ஹாலில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கும். மதுரைக்குப் பஸ் ஏறப் பையை எடுத்தபோது தந்தி வந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர், எட்டாவது படத்தின் அசல் டீச்சரிடமே இருக்கிறது, வாங்கிக்கொள்ளவும், ஞானசெல்வி.

"டீச்சரா? எந்த டீச்சர்?" என்று கேட்டேன்.

கிருபாவதி அடுப்படிக்குள் போனாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு சுருளை எடுத்துவந்து விரித்தாள். கட்டம் போட்ட தாளில் எட்டு ஏலச்செடி, பென்சிலில். ஏழு நான் அறுத்தவை. எட்டாவது அறுக்காதது. ஒவ்வொன்றின் அடியிலும் அவள் கையெழுத்தில் குறிப்பு: தூள், துணி, பீடி, ஞாயிறு. சுருளுக்குள் என்னுடைய எட்டுக் கீரைக்கட்டும் மடிப்புக் கலையாமல் பத்திரமாக இருந்தன. நான் தபாலில் போடக் கொடுத்ததை அவள் ஒருநாளும் போடவே இல்லை, தன் படத்துக்கு நகல் எடுத்து அதைத்தான் அனுப்பியிருக்கிறாள். ஞானசெல்வி அவளிடம் தையல் படித்த பிள்ளையாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இது மோசடி என்றேன். என்னை முட்டாளாக்கிவிட்டாய் என்றேன்.

"போன ஐப்பசி மழையில நீங்க இருமுன இருமலுக்கு நாலு நாள் நான் கண்ணு மூடல. ஒட்டு விடுங்கன்னேன், கேக்கல. பீடிய விடுங்கன்னேன், கேக்கல. கம்ப்யூட்டர் சொன்னாக் கேப்பேன்னு சொன்னது நீங்கதான?"

அப்போதுதான் யோசித்தேன். இருமி இரண்டு மாதம் ஆகிவிட்டது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை, அவள் கணக்கு வைத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் மேல் ஆசையாகவும் இருந்தது. இரண்டையும் சொல்லத் தெரியாமல், வாயில் துணியைக் கட்டிக்கொண்டு எட்டாவது பலகையை எடுத்தேன். அன்று முழுக்கக் கரண்ட் இல்லை. அவள் மிதித்தாள், நான் அறுத்தேன்.

போடியில் பால்காய்ச்சு அமோகம். தடுப்பைப் பார்த்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். "கம்ப்யூட்டர் வேலைன்னா கம்ப்யூட்டர் வேலைதான்யா" என்று கோட்டைச்சாமி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கிருபாவதி கேசரித் தட்டை என் கையில் திணித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சேலை மாற்ற உள்ளே போனாள். நான் பட்டறைக்குள் நழுவினேன். சட்டப்படி யோசித்துப் பார்த்திருந்தேன். பீடியை விடச் சொன்னது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரே ரிப்பேர் என்றால் தடையும் ரத்து. பழைய பிளேடு டப்பாவுக்கு அடியில் நான் ஒரு கட்டு ஒளித்து வைத்திருந்தது இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. டப்பாவைத் தூக்கினேன். கட்டு இல்லை. அந்த இடத்தில் துளை போட்ட தாளில் கிழித்த ஒரு துண்டு, அதில் பென்சிலில் இரண்டே வார்த்தை: கை நடுங்கும்.

துண்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு விளக்குமாற்றைத் தேடினேன். மதுரையில்தான் கம்ப்யூட்டர் ரிப்பேர், தேனியில் அது நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.