கல்யாண உடையின் அளவு

மச்சினனை வெள்ளிக்கிழமைக்குள் கிளப்பிவிடுவது என்று தையற்காரர் முடிவெடுத்தார். நாலு நாள் தங்கிப் போகிறேன் என்று வந்தவன், நாலு மாதமாக முன்னறையில் கால் நீட்டிப் படுத்திருந்தான். அவருடைய தையல் மிஷின் குளியலறைக் கதவோரம் ஒதுங்கிவிட்டது. யார் குளிக்கப் போனாலும் அவர் எழுந்து வழிவிட வேண்டியிருந்தது.

நேராகச் சொல்லும் தைரியம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் கைவசம் ஒரு ரகசியம் இருந்தது.

அவர் துணி தைப்பது ஒரு டிவி தொடருக்கு. அதில் கோடீஸ்வர வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு பெண்கள் போட்டி. ஆபீஸில் போன் எடுக்கிறவள் அவன் மனசுக்குப் பிடித்தவள். மில் முதலாளியின் மகள் அவன் அம்மாவுக்குப் பிடித்தவள். அவளைக் கட்டினால்தான் சாப்பிடுவேன் என்று அம்மா நாற்பது எபிசோடாகப் பட்டினி. உதட்டுச் சாயம் மட்டும் கலையவில்லை. மருமகள் யார் என்று தெரியாமல் தெருவே தவித்தது. தையற்காரருக்குத் தெரியும். கல்யாண உடைக்கு அளவெடுத்தவர் அவர்தானே.

“யாருன்னு சொல்றேன். ஆனா உன் தம்பி வெள்ளிக்கிழமை கிளம்பணும்,” என்றார் மனைவியிடம்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “நீங்க சொன்னபடி நடக்கலைன்னா?”

“இஷ்டப்பட்ட வரைக்கும் இருக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“சொல்லுங்க.”

“ஆபீஸ் பொண்ணுதான். இடுப்பு இருபத்தாறு. நானே அளந்தேன்.”

“நீங்களேவா?”

“டேப் அளந்துச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாதே. போன தடவை விஷயம் வெளிய போனதும் டைரக்டர் கதையையே மாத்திட்டாரு.”

“அப்படியா?” என்றாள். அப்போதுதான் கத்தி நின்றது.

தையற்காரர் அதைக் கவனிக்கவில்லை. மிஷினை முன்னறையில் ஜன்னல் பக்கம் போடுவதா, சுவர் பக்கம் போடுவதா என்ற யோசனையில் இருந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மனைவியை மடக்கிவிட்ட சந்தோஷம். இரண்டு நாள் விசிலடித்துக்கொண்டே தைத்தார்.

மூன்றாம் நாள் காலை பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நிறுத்தி, “என்னண்ணே, ஆபீஸ் பொண்ணுதானாமே?” என்றாள். பால்காரரும் கேட்டார். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் இடுப்பளவு உட்படப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஸ்டூடியோவில் இயக்குநர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

“ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே மில்காரர் மகள்தான் மருமகள். உடையைப் பிரிச்சு, நாளைக்குள்ள அவ அளவுக்குத் தைச்சுக் கொண்டாங்க.”

சாயங்காலம் கல்யாண உடையை மடியில் போட்டுக்கொண்டு, குளியலறைக் கதவோரம் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார்.

“நீதானே வெளிய சொன்னே?”

“பக்கத்து வீட்ல மட்டும்தான் சொன்னேன்,” என்றாள் மனைவி. “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தான் சொன்னேன். கதை மாறிடும்னு நீங்கதானே சொல்லியிருந்தீங்க.”

தையற்காரர் வாயைத் திறந்தார். சத்தியம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

முன்னறையிலிருந்து மச்சினன் தோளில் துண்டோடு வந்தான்.

“மாமா, கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா? குளிக்கணும்.”

தையற்காரர் எழுந்து வழிவிட்டார்.