பதினான்காவது இன்டர்வியூவும் உப்புப் பிளேன்டீயும்

அன்று காலை பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இன்றைக்குக் கோபமே படுவதில்லை!

காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் பதின்மூன்று இன்டர்வியூ. ஒவ்வொன்றுக்கும் ஷூ துடைத்து, டை கட்டி, பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் வாய் அடைத்துவிடும். "யெஸ் சேர்" தாண்டி ஒரு சொல் வராது. அவர்களும் நமுனுகுலவில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயம் என்ற என் முகவரியைப் பார்த்ததுமே பேனாவை மூடிவிடுவார்கள். "அறிவிக்கிறோம்" என்பார்கள். அடைகாக்கிற கோழிக்குக்கூட இருபத்தொரு நாளில் பதில் வந்துவிடுகிறது. எனக்கு வரவில்லை.

அந்த எரிச்சலெல்லாம் வெளியில்தான் வெடிக்கும். போன வாரம் ஹாலிஎலயில் நாங்கள் இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் போன பஸ் கண்டக்டரைச் சிங்களத்தில் கிழித்தேன். பஸ்ஸே கைதட்டியது. பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவி மதுஷா மட்டும் கைதட்டவில்லை. என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் இந்த முடிவு.

அன்றைக்குப் பதினான்காவது இன்டர்வியூ. எல்ல டவுனில் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷன் வேலை. மதுஷா பாலில்லாத பிளேன்டீயை நீட்டினாள். ஒரு வாய்தான் குடித்தேன். கடல்!

"ஏய், உப்பைப் போட்டிருக்க!"

"ரெண்டும் வெள்ளையாத்தானே இருக்கு. குடிங்க, நேரமாச்சு."

புன்னகைத்தேன். தாடை வலித்தது.

"ஷூ ஒண்ணுதான் இருக்கு. மத்தது எங்க?"

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்."

"நம்மகிட்ட நாயே இல்லையே!"

"அடுத்த லயத்து நாயா இருக்கும். பாத்ரூம் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போங்க. எப்படியும் கெடைக்கப் போறதில்ல."

"என்ன சொன்ன?"

"பதிமூணுல கெடைக்காதது பதினாலுலயா கெடைக்கப் போவுது? இந்தாங்க, இதுல ஒரு கையெழுத்து வேணும்."

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற விண்ணப்பப் போர்ம். அவள் பெயர் நிரப்பியிருந்தது.

"இன்னைக்கும் இல்லேன்னா நான் போறேன். மகளை நீங்க பார்த்துக்குங்க."

என் முடிவு அந்த இடத்தில் செத்தது. போர்மை விட்டெறிந்தேன். பாத்ரூம் செருப்போடு பஸ் ஏறினேன். எல்ல வரைக்கும் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே போனேன்.

ஹோட்டலில் ஒரு மேடமும் ஒரு மெனேஜரும் இருந்தார்கள். மேடம் என் காலையே பார்த்தார்.

"என்ன இது?"

"செருப்பு மேடம்! பதிமூணு தடவை ஷூ போட்டுத்தான் போனேன். எவன் வேலை தந்தான்? ரிசெப்ஷன்ல போனைக் காலாலயா எடுக்கப் போறேன்?" ஆங்கிலம்! திக்கவில்லை, திணறவில்லை.

மெனேஜர் சிங்களத்தில் கேட்டார்: "லயத்திலிருந்து நேரத்துக்கு வருவீங்களா?"

"உங்க கையில இருக்கிற டீ எங்கேயிருந்து வந்துச்சு சேர்? அது நேரத்துக்கு வருதில்ல? நானும் வருவேன்!" அதுவும் சிங்களத்தில்.

கதவை நோக்கி நடந்தேன். மேடம் கூப்பிட்டார்.

"தமிழோட சேர்த்து மூணு பாஷையும் இப்படிப் பேசுற ஆளைத்தான் ஆறு மாசமாத் தேடுறோம். திங்கட்கிழமை வாங்க. ஷூ போட்டுக்கிட்டு."

கடிதத்தோடு வீட்டுக்கு ஓடினேன். மதுஷாவை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று ஓடினேன்.

"நீ கெடுக்கப் பார்த்தும் கெடைச்சிருச்சு பார்த்தியா!"

அவள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு அரிசி வாளிக்குள் கையை விட்டு மற்ற ஷூவை எடுத்து வைத்தாள். பளபளவென்று துடைத்திருந்தது.

"அப்ப நாய்?"

"நாயும் இல்ல, பேயும் இல்ல. கோவம் வந்தாத்தான் உங்களுக்கு வாய் தொறக்குது. அன்னைக்கு பஸ்ல பார்த்தேனே."

"அப்ப அந்தப் போர்மும் பொய்யா?"

"அது நெசந்தான்." அவள் குரல் இறங்கியது. "கெடைக்கலேன்னா போயிருப்பேன்."

போர்மைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. புகை என்றாள். எனக்கும் புகைதான். பிடித்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆறு மாசம் புரபேஷன். அப்புறந்தான் நிரந்தரமாம்."

மதுஷா யோசித்தாள். சீனி டப்பாவை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"அப்ப ஆறு மாசத்துக்கு உப்புத்தான்."

இது நாலாவது மாதம்.